வப்புவைப் பாலத்தில் நின்று பார்க்காதீர்கள்: பின்லாந்தில் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். ஹெல்சிங்கி, எஸ்போ, தம்பெரே, துர்க்கு, ஔலு என்று பின்லாந்தின் பல்கலைக்கழக ஊர்களுக்கு நம் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறீர்கள். வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, குளிர்கால உடை என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் இந்த நாட்டு மாணவர் வாழ்க்கையின் உச்சமான வப்புவை, அதாவது ஏப்ரல் 30 மாலையும் மே 1 அன்றும் கொண்டாடும் வசந்தத் திருவிழாவைப் பற்றி ஏப்ரல் கடைசி வாரம்வரை பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. 30ஆம் தேதி மாலை தெருவில் கூட்டத்தைக் கண்டதும் பாலத்தின் ஓரமாக நின்று நாலு படம் எடுத்துவிட்டு, "குடிகாரத் திருவிழா" என்று ஒரு பெயரும் வைத்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதை மாற்றத்தான் இந்த மடல்.

வப்புவில் குடி இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்று தெருவில் தெரிவது எட்டு மாத வேலையின் கடைசிக் காட்சி. செப்டம்பரில் சேர்ந்த முதலாண்டு மாணவரை இங்கே ஃபுக்சி என்பார்கள். அந்த ஃபுக்சி ஊர் சுற்றிப் பார்ப்பதும், மூத்தவர்களோடு பாடுவதும், விழாக்களுக்கு மேசை தூக்குவதும், பத்திரிகை விற்பதுமாக ஓர் ஆண்டைக் கடந்து முழு மாணவராக ஏற்கப்படும் நாள் அது. அந்த எட்டு மாதத்தில் நீங்கள் இல்லை என்றால் வப்பு அன்று உங்களுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தீர்கள் என்றால், ஒரு சொட்டு குடிக்காமலே அந்த நாள் உங்களுடையது.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். முதுகலைப் படிப்பு இரண்டு ஆண்டு. அதில் வருவது இரண்டே வப்பு. முதல் இலையுதிர்காலத்தைத் தவறவிட்டால் பாதி போயிற்று.

முதலில் தொப்பி விஷயம். ஏப்ரல் 30 மாலை ஆறு மணிக்கு ஊரில் பாதிப் பேர் வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார்கள். மேலே வெள்ளை வெல்வெட், கீழே கறுப்புப் பட்டை, கறுப்பு முன்விளிம்பு, நெற்றியில் பொன்னிற யாழ்ச் சின்னம். அது பல்கலைக்கழகத் தொப்பி இல்லை. இந்த நாட்டின் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்களுக்கான தொப்பி. எழுபது வயதுத் தாத்தாவும் பாட்டியும் தங்கள் பழைய தொப்பியை, மஞ்சளேறிப் போயிருந்தாலும், அன்று எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். கடையில் விற்கிறது என்பதற்காக அதை வாங்கி அணியாதீர்கள். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தேறாத தேர்வின் அடையாளத்தைத் தலையில் வைத்துக்கொள்வது அழகில்லை.

தொழில்நுட்ப மாணவர்களுக்கு, அதாவது டேக்கரிகளுக்கு, வேறொரு தொப்பி. அதுவும் வெள்ளைதான், ஆனால் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் குஞ்சம் தொங்கும். அதை உழைத்துத்தான் பெற வேண்டும். எஸ்போவின் ஒத்தானியெமியில் ஆல்டோ பல்கலைக்கழகத்து ஃபுக்சிகளுக்கு ஒரு சிறு கையேடு தருவார்கள். நிகழ்ச்சிகளுக்குப் போனால், வேலைகளில் கைகொடுத்தால், ஊரின் குறிப்பிட்ட இடங்களைப் பார்த்து வந்தால் அதில் புள்ளி ஏறும். போதிய புள்ளி சேர்ந்தவர்களுக்கு வப்புவில் தொப்பி அணியும் உரிமை கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து முதுகலைக்கு வந்தவர்களும் இதைப் பெற முடியும். நிபந்தனைகள் ஒவ்வொரு கில்டாவிலும் சற்று மாறும். கில்டா என்பது உங்கள் துறையின் மாணவர் சங்கம். ஆகவே செப்டம்பரிலேயே "முதுகலை மாணவருக்குப் புள்ளி எத்தனை, கடைசித் தேதி எது" என்று கேட்டுவிடுங்கள். மார்ச்சில் விழித்துக்கொண்டவர்களால் புள்ளியை எட்டிப் பிடிக்க முடிவதில்லை. இலையுதிர்கால நிகழ்ச்சிகளில்தான் பெரும்பகுதி கிடைக்கும். அவை திரும்ப வராது.

புள்ளி சேர்க்க நல்ல வழிகளில் ஒன்று வப்புப் பத்திரிகை விற்பது. ஒத்தானியெமியில் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆப்பி, இரட்டைப்படை ஆண்டுகளில் யுல்க்கு என்று நகைச்சுவை இதழ்கள் வரும். மெட்ரோ வாசலிலும் கடைவீதியிலும் நின்று விற்க வேண்டும். பின்னிய மொழி வராதே என்று தயங்க வேண்டாம். நாலு வாக்கியம் மனப்பாடம் செய்தால் போதும், ஊர்க்காரர்கள் மகிழ்ச்சியோடு வாங்குவார்கள். ஆறு மாத மொழி வகுப்பில் வராத தைரியம் ஒரு பிற்பகலில் வந்துவிடும்.

தொப்பி எல்லாருக்கும் இல்லை. ஆனால் ஹாலரி எல்லாருக்கும் உண்டு. ஒர்க்ஷாப் மெக்கானிக் அணிவது போன்ற ஒரே துண்டு முழு உடைதான் ஹாலரி. ஒவ்வொரு துறைச் சங்கத்துக்கும் ஒரு நிறம். முதுகிலும் காலிலும் விளம்பரம் தந்த நிறுவனங்களின் பெயர்கள் இருக்கும். அவர்கள் தரும் பணத்தால்தான் விலை குறைகிறது. மேல் பாதியைக் கழற்றி, கைகளை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பெரும்பாலும் அணிவார்கள். ஹாலரி போட்டிருந்தால் கூட்டத்தில் உங்கள் துறைக்காரர்கள் தூரத்திலிருந்தே கையசைத்து அழைப்பார்கள். புதியவர்களுக்கு அதைவிடப் பெரிய அறிமுகச் சீட்டு இங்கே கிடையாது.

சங்கங்கள் ஹாலரிக்கு ஒட்டுமொத்தமாகத்தான் ஆர்டர் கொடுக்கும், பெரும்பாலும் இலையுதிர்காலத்தில். தைத்து, அச்சிட்டு வர மாதங்கள் ஆகும். அந்த ஒரு படிவத்தை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டுதான். அறிவிப்பு மின்னஞ்சலில் வராமல் டெலிகிராம் குழுவில் மட்டும் வருவது வழக்கம். மாணவர் சங்கங்கள் இங்கே வாட்ஸ்அப்பை அதிகம் நம்புவதில்லை. முதல் வாரத்திலேயே டெலிகிராம் நிறுவி, சங்கத்தின் அறிவிப்புத் தடத்தில் சேர்ந்து, அதை மட்டும் ஒலியடக்காமல் வையுங்கள். அறிவிப்பு பின்னிய மொழியில் மட்டும் வந்தால் தனிச்செய்தியில் ஆங்கிலத்தில் கேளுங்கள், பதில் வரும். சங்க உறுப்பினர் கட்டணம் தனி. மாணவர் ஒன்றியத்துக்குக் கட்டியதோடு இதுவும் சேர்ந்துவிட்டதாகப் பலர் நினைத்து ஏமாறுகிறார்கள்.

அளவு எடுக்கும்போது கோடைக்கால உடம்புக்கு எடுக்காதீர்கள். வப்பு அன்று உள்ளே ஒரு தெர்மல் கால்சட்டையும் ஒரு கம்பளிச் சட்டையும் இருக்கும். அதனால் ஓர் அளவு பெரியதாகவே வாங்குங்கள். உட்கார்ந்தால் தொடைப்பகுதி இழுக்கக் கூடாது. போட்டுப் பார்க்க மாதிரி வைத்திருந்தால் நின்று பார்ப்பதோடு விடாமல் குந்தியும் பாருங்கள். வசந்த பருவத்துக்கு மட்டும் வரும் பரிமாற்ற மாணவர்களுக்கு இந்த ஆர்டர் கிடைப்பது கடினம். அவர்கள் பரிமாற்ற மாணவர் அமைப்பினரிடம் கேட்கலாம், அல்லது படித்து முடித்துப் போகிறவர்களிடம் பழையது வாங்கலாம்.

இனி ஒட்டுத்துணிச் சின்னங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு துணிச் சின்னம் தருவார்கள் அல்லது சில யூரோக்களுக்கு விற்பார்கள். அவற்றை ஹாலரியில் கையால் தைக்க வேண்டும். இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பசை போட்டு ஒட்டாதீர்கள். ஹாலரி மழையில் நனையும், பனியில் ஊறும், சில சமயம் ஆற்றிலும் இறங்கும். பசை இரண்டாவது நனைப்பில் விட்டுவிடும். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். செயற்கை இழை கலந்த துணி சூட்டில் பளபளத்துச் சுருங்கும். ஊசிதான் ஒரே வழி. சாதாரணத் தையல் நூல் உரசலில் அறுந்துவிடும் என்பதால் இங்கே மாணவர்கள் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகு நூலால் தைப்பார்கள். எளிதில் அறாது, மெழுகு இருப்பதால் தடித்த துணியிலும் வழுக்கிப் போகும். புதினா வாசனை சில நாளில் போய்விடும். காது அகன்ற தடித்த ஊசி வாங்குங்கள். மெல்லிய ஊசி சின்னத்தின் ஓரப்பின்னலில் முறிந்துவிடும். சின்னத்தைச் சுற்றித் தடித்த ஓரப்பின்னல் இருக்கும். ஊசி அதன் நடுவில் இறங்கக் கூடாது, பின்னலுக்கு உட்புறம் ஒட்டி இறங்க வேண்டும். அப்போதுதான் நூல் பின்னலுக்குள் மறைந்துகொள்ளும். தைக்கும் முன் கால்சட்டைக் குழாய்க்குள் ஒரு அட்டையை நுழையுங்கள். இல்லாவிட்டால் முன்துணியையும் பின்துணியையும் சேர்த்துத் தைத்துவிட்டு, கால் உள்ளே போகாதபோதுதான் தெரியும். பைகளின் மேல் தைத்தால் பை மூடிக்கொள்ளும். முழங்காலுக்கு அருகே தைப்பதென்றால் அணிந்துகொண்டு காலை மடக்கி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரதாரர் பெயரின் மேல் தைக்காதீர்கள். அந்தப் பணத்துக்குச் சங்கம் வாக்குக் கொடுத்திருக்கிறது.

ஹாலரியைத் துவைப்பதில்லை என்பது மரபு. துவைக்க வேண்டுமென்றால் அணிந்தபடியே தண்ணீரில் இறங்கு என்பார்கள். நெருங்கிய நண்பரோடு ஒரு கால் குழாயின் கீழ்ப்பகுதியை வெட்டி மாற்றித் தைத்துக்கொள்வதும் உண்டு. நீலக் கால்சட்டையில் ஒரு துண்டு சிவப்பு தெரிந்தால் அவருக்கு வேறு துறையில் ஒரு உயிர்த் தோழர் இருக்கிறார் என்று பொருள்.

அடுத்தது சிட்சிட். பாட்டோடு கூடிய மேசை விருந்து. நீள மேசைகள், மூன்று சுற்றுப் பரிமாறல், கையில் பாட்டுப் புத்தகம், நடத்துவதற்கு இரண்டு மூன்று பேர். பாட்டு அறிவிக்கப்பட்டால் பேச்சை நிறுத்திப் பாட வேண்டும். இடைவேளை அறிவிக்கும்வரை எழுந்து போகக் கூடாது. ஆகவே கழிப்பறைக்குப் போய்விட்டு உட்காருங்கள். நாலைந்து மணி நேரம் நீளும். வப்புவுக்கு முந்தைய வாரங்களில் சிட்சிட் நெருக்கமாக வரும். பதிவுப் படிவம் குறித்த நிமிடத்தில் திறக்கும், சில நிமிடங்களில் நிரம்பும். பெயர், உணவு விருப்பம் எல்லாவற்றையும் முன்பே தட்டச்சு செய்து வைத்து, திறந்தவுடன் ஒட்டி அனுப்புங்கள். உணவுக் கட்டத்தில் "சைவம்" என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சில இடங்களில் மீனும் வந்துவிடும். முட்டை, மீன், இறைச்சி எது கூடாதோ அதைத் தனித்தனியாக எழுதுங்கள். வீகன் என்று குறித்தால் குழப்பமே இல்லை.

குடிக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு நினைவோடு ஒதுங்கி நிற்பவர்கள் நீங்கள்தான். படிவத்தில் ஆல்கஹால் இல்லாத பானம் என்றொரு தெரிவு இருக்கும். அதைக் குறித்தால் அதே கோப்பையில் வேறு பானம் வரும். விலையும் சில இடங்களில் குறையும். பாட்டு எல்லாருக்கும் ஒன்றுதான், கோப்பையை உயர்த்துவதும் ஒன்றுதான். ஏன் குடிக்கவில்லை என்று துருவுவது இங்கே நாகரிகக் குறைவு. யாராவது வற்புறுத்தினால் நடத்துபவரிடம் சொல்லுங்கள். அதைக் கண்டிப்பாகத் தடுப்பார்கள்.

ஏப்ரல் 30க்கு வருவோம். ஹெல்சிங்கியில் மாலை ஆறு மணிக்குச் சந்தைச் சதுக்கத்து ஹாவிஸ் அமண்டா சிலைக்குத் தொப்பி அணிவிப்பார்கள். வில்லே வால்கிரேன் செய்து 1908இல் நிறுவப்பட்ட வெண்கலப் பெண் அவள். மாணவர்கள் கிரேனில் தொங்கி அவளைக் கழுவி, பெரிய தொப்பியை வைத்ததும், சதுக்கத்தில் நிற்கும் அத்தனை பேரும் தங்கள் தொப்பியை அணிந்துகொள்வார்கள். ஐந்தரைக்குப் போனால் சிலை கண்ணில் படாது. ஐந்து மணிக்கு முன்பே நில்லுங்கள். அந்தப் பக்கம் டிராம்கள் வழி மாறும். ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், நடந்துவிடுங்கள். துர்க்குவில் பன்றியும் வாத்தும் கலந்த போசங்க்கா சிலைக்குக்கூடத் தொப்பி உண்டு. ஔலுவில் கவிஞர் பிரான்சேன் சிலைக்கு.

தம்பெரேயின் வழக்கம் தனி. மே 1 அன்று தொழில்நுட்ப ஃபுக்சிகளை ஒரு கூண்டில் ஏற்றி, கிரேனால் தூக்கி, ஊர் நடுவே ஓடும் தம்மெர்கோஸ்கி ஆற்றில் முக்கி எடுப்பார்கள். பனி உருகி ஓடும் தண்ணீர், சில டிகிரிதான் இருக்கும். முங்கியவுடன் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் புரை ஏறும். கூண்டு இறங்கும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இறங்குங்கள். குடித்துவிட்டு ஏறாதீர்கள், ஆல்கஹால் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியேற்றிவிடும். இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம். கரையில் ஒரு நண்பர் துண்டு, முழு மாற்றுடை, கம்பளிக் காலுறை, சுடுநீர்க் குடுவை ஆகியவற்றோடு நிற்கட்டும். முங்கிய பிறகு முதலில் கழற்ற வேண்டியது ஈர உடை. கட்டிப்பிடித்துப் படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மே 1 காலை, ஹெல்சிங்கியில் கைவோபுயிஸ்தோ பூங்காவை ஒட்டிய உல்லன்லின்னன்மாகி குன்றில் மாணவர் பாடகர் குழு பாடும். அதைச் சுற்றிப் புல்வெளி முழுக்கச் சங்கங்கள் கொடி நட்டு, மேசை போட்டு, காலை விருந்து நடத்தும். உங்கள் சங்கத்தின் கொடி எது, எந்தப் பக்கம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் கைபேசி இணைப்பு படுத்துவிடும்.

வானிலையை நம்ப முடியாது. பதினைந்து டிகிரி வெயிலும் அடிக்கலாம், ஆலங்கட்டியும் விழலாம். கடற்காற்று வேறு. உட்காரும் மண்தான் முதல் எதிரி: மேலே வெயில் இருந்தாலும் தரைக்குள் குளிர்காலம் இன்னும் தங்கியிருக்கும். போர்வை மட்டும் விரித்தால் பத்து நிமிடத்தில் ஈரம் ஏறும். ஒரு விரல் தடிமன் நுரைப்பாயை அடியில் போட்டு, அதன்மேல் போர்வை விரியுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போனது தெரியாது. ஆறு மணிக்கே காற்று குளிர ஆரம்பித்துவிடும். குல்லாவும் கையுறையும் ஹாலரிப் பையில் இருக்கட்டும்.

விருந்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்களே செய்த சிமாவை எடுத்துப் போங்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து லேசாக நொதிக்க வைத்த வப்புப் பானம் அது. நாலு லிட்டர் தண்ணீருக்கு அளவு இது: 250 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 250 கிராம் பழுப்புச் சர்க்கரை, இரண்டு எலுமிச்சை, கால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட், ஒரு கைப்பிடி உலர்திராட்சை. பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் நம் நாட்டுச்சர்க்கரை போட்டாலும் நன்றாகவே வரும். நிறம் கொஞ்சம் கருக்கும், வடிகட்டும்போது அடியில் மண் தங்கும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 22 மாலை தொடங்குங்கள். எலுமிச்சையைச் சுடுநீரில் தேய்த்துக் கழுவுங்கள், தோலில் மெழுகு இருக்கும். மஞ்சள் தோலை மட்டும் மெல்லச் சீவி எடுத்துவிட்டு, அடியிலுள்ள வெள்ளைத் தோலை முழுக்க உரித்து எறியுங்கள். அது உள்ளே போனால் கசக்கும், எத்தனை சர்க்கரை போட்டாலும் மறையாது. பழத்தை வட்டமாக நறுக்கி, மஞ்சள் தோலோடும் இரண்டு சர்க்கரையோடும் பெரிய பாத்திரத்தில் போடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, கரைந்ததும் மீதி இரண்டு லிட்டரைக் குளிர்ந்த நீராகவே சேருங்கள். விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், நாற்பது டிகிரிக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகுதான் ஈஸ்ட். அவசரப்பட்டுக் கொதிநீரில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். ஒரு வாரம் காத்திருந்து எலுமிச்சைச் சர்பத்துதான் குடிப்பீர்கள்.

ஈஸ்ட் அளவில் தாராளம் கூடாது. கடையில் விற்கும் சிறு பொட்டலத்தில் 11 கிராம் இருக்கும், அது ரொட்டிக்கு. அதை முழுதாகக் கொட்டினால் சிமா பழைய மாவு நாறும், பாட்டிலும் தாங்காது. மூடி, மறுநாள் மாலைவரை அறைச்சூட்டில் விடுங்கள். மேலே சிறு குமிழ்கள் தெரிந்ததும் வடிகட்டி, பாட்டில்களில் நாலு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஐந்தாறு திராட்சை போட்டு, மூடியை இறுக்காமல் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு வாரத்தில் தயாராகும். அடியில் கிடந்த திராட்சை ஊதி மேலே மிதந்தால் அதுதான் அடையாளம்: கரியமில வாயுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு அவற்றைத் தூக்குகின்றன.

கண்ணாடிப் பாட்டில் வேண்டவே வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறுவது வெளியே தெரியாது. வெடித்தால் சில்லு கண்ணில் பாயும். குளிர்பானம் வந்த 1.5 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலே போதும். நாள்தோறும் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் கழுவுதொட்டிக்கு மேல் பிடித்து மூடியை மெதுவாகத் திருகி வாயுவை விடுங்கள். சிமாவில் சிறிதளவு ஆல்கஹால் உண்டு, நாளாக ஆகக் கூடும். அறவே கூடாது என்பவர்கள் ஈஸ்ட் இல்லாமல் இதே கலவையைச் செய்து, பரிமாறும்போது சோடா சேர்க்கலாம். பாட்டிலில் அடையாளம் ஒட்டித் தனியே வையுங்கள்.

சிமாவோடு தின்ன டிப்பலெய்பா. பாகில் ஊறாத ஜிலேபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, 200 மில்லி பால், 350 மில்லி அளவுக் கோப்பை நிறைய மைதா. முட்டையை நுரைக்க அடிக்காதீர்கள்; காற்றுக் குமிழ் இருந்தால் எண்ணெயில் மாவு இழை அறுந்து அறுந்து விழும். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குக் குழல் இதற்கு ஆகாது, மாவு தளர்வானது. சாஸ் பாட்டிலோ, மூலையில் மூன்று மில்லிமீட்டர் வெட்டிய பிளாஸ்டிக் பையோ போதும். எண்ணெய் 180 டிகிரி. சுற்றிச் சுற்றிக் கூடு போல ஊற்றி, பொன்னிறமானதும் திருப்பி எடுங்கள். சர்க்கரைத் தூளை ஆறிய பிறகே தூவுங்கள், சூட்டில் தூவினால் ஈரமாகி ஒட்டும்.

மாணவர் குடியிருப்பில் எண்ணெய்ப் பொரியல் செய்யும்போது பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் வேண்டாம். பொருந்தும் மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மின்னடுப்பை அணைத்த பிறகும் தட்டு வெகுநேரம் சுடும், பாத்திரத்தை நகர்த்திவிடுங்கள். தீப்பிடித்தால் மூடியைப் போடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கட்டுப்படாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து 112. மீந்த எண்ணெயைக் குழாயில் ஊற்றினால் அடைப்பு எடுக்கும் செலவு உங்கள் தலையில். ஆறவிட்டுப் பாட்டிலில் மூடிக் கலவைக் குப்பையில் போடுங்கள்.

டேக்கரிகளின் இன்னொரு மரபு யாய்னா, அதாவது குறும்பு. 1961இல் ஸ்டாக்ஹோமில் வாசா கப்பலைக் கடலடியிலிருந்து தூக்குவதற்குச் சற்று முன், ஹெல்சிங்கித் தொழில்நுட்ப மாணவர்கள் முங்கிப்போய், ஓட்டவீரர் பாவோ நூர்மியின் சிறு சிலையை அந்தப் பதினேழாம் நூற்றாண்டுக் கப்பலில் வைத்துவிட்டு வந்தார்கள். நல்ல யாய்னாவுக்கு இலக்கணம், ஏமாந்தவரும் கடைசியில் சிரிக்க வேண்டும் என்பது. பொருளை உடைப்பது, ஒருவரை அவமானப்படுத்துவது அதில் சேராது. உங்கள் குழுவில் யாராவது அந்தக் கோட்டைத் தாண்டினால் விலகி நில்லுங்கள். வெளிநாட்டு மாணவருக்குக் காவல்துறைப் பதிவு வீண் தலைவலி.

பாடத்தையும் மறக்க வேண்டாம். வப்புவுக்காகத் தேர்வுத் தேதிகள் நகர்வதில்லை. ஏப்ரல் கடைசி இரண்டு வாரத்தில் ஒப்படைப்புகள் இருந்தால் 20ஆம் தேதிக்குள் முடிக்கப் பாருங்கள். குழுவேலையில் பின்னிய நண்பர்கள் அந்த இரண்டு வாரமும் கிடைக்க மாட்டார்கள்; அவர்களோடு முன்பே பேசிவிடுங்கள். மே 1 பேருந்துகள் ஞாயிறு அட்டவணையில் ஓடும், தொழிலாளர் ஊர்வலங்களும் அன்றுதான், சில சாலைகள் மூடியிருக்கும்.

மூத்த முதுகலை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. சங்கங்களின் பொறுப்பாளர் தேர்தல் இலையுதிர்காலத்தில் நடக்கும், பதவிக்காலம் ஜனவரி முதல் டிசம்பர்வரை. வெளிநாட்டு மாணவர்களுக்கான பொறுப்புக்கு நம்மவர் ஒருவர் நின்றால், படிவம் இரு மொழியிலும் வரும், உணவுக் கட்டத்தில் முட்டைக்குத் தனி இடம் வரும், புதிதாக வருபவர் மார்ச்சில் முழிக்க வேண்டியிருக்காது. அக்டோபரில் அறிவிப்பு வந்ததும் பெயர் கொடுங்கள். மொழி தடையென்றால் முதல் கூட்டத்திலேயே ஆங்கிலத்தில் நடத்தக் கேளுங்கள்.

புல்வெளியை விட்டுக் கிளம்பும்போது காலி பாட்டில்களைப் பாருங்கள். டின்னுக்கு 15 சென்ட், அரை லிட்டர் பிளாஸ்டிக்குக்கு 20, ஒரு லிட்டருக்கு மேற்பட்டதற்கு 40 என்று கடையில் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். அன்று பூங்கா முழுக்க அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பவர்கள் வருவார்கள்; பலருக்கு அது வருமானம். நசுக்காமல், நெகிழிப்பையில் கட்டாமல், குப்பைத்தொட்டியின் அருகே நிறுத்தி வையுங்கள். நசுங்கினால் இயந்திரம் பட்டைக்குறியீட்டைப் படிக்காது.

அன்புடன்,
பின்லாந்தில் படித்து முடித்த மூத்த மாணவர்கள் சிலர்